ஒரு கன மீட்டர் மண்ணை அள்ள எவ்வளவு ஆகும்?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்து ஊரான வெருலத்தில் இருக்கும் ஒரு தம்பி, போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டெண்டர் காகிதங்களோடு டர்பனில் என் வீட்டுக்கு வந்தார். கரும்பு வெட்ட வந்த குடும்பம். 1860 நவம்பர் 16-ம் தேதி சென்னையிலிருந்து 'டிரூரோ' முதல் கப்பலாக வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் 1911 வரை வந்துகொண்டே இருந்த கப்பல்களில் ஏதோ ஒன்றில் இவருடைய முன்னோர் வந்திறங்கினார்கள். அப்பா ஒரு பழைய டிஎல்பியை வைத்துத் தொழில் தொடங்கினார். ஊரில் நாம் ஜேசிபி என்று சொல்லும் வண்டிக்கு இங்கே அதுதான் பெயர். மகன் அதை இரண்டு டிப்பராக வளர்த்திருக்கிறார். ஆயாவிடம் கற்ற தமிழோடு கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து பேசுவார்.

வேலை இதுதான். ஒரு கிடங்கு கட்ட மேட்டு நிலத்தை வெட்டிச் சமப்படுத்த வேண்டும். வரைபடப்படி 12,000 கன மீட்டர் மண் வெளியே போக வேண்டும். கொட்டும் இடம் 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மண் தோண்டும் 20 டன் எக்ஸ்கவேட்டர் வாடகை மணிக்கு 850 ரேண்ட், டிப்பர் ஒன்றுக்கு 475. நான்கு டிப்பர் ஓட்டினால் எல்லாம் சேர்த்து மணிக்கு 2,750.

"அண்ணா, பக்கெட் ஒரு கியூப். நிமிஷத்துக்கு மூணு பக்கெட் போடும். மணிக்கு 180 கியூப். அப்படின்னா கியூபுக்கு 15 ரேண்ட் 30 சென்ட்தான் ஆகுது. நான் 20 போட்டிருக்கேன்" என்றார். கியூப் என்றால் கன மீட்டர்.

அந்த 20 ரேண்டில் வேலை கிடைத்திருந்தால் ஒன்றரை லட்சம் ரேண்ட் அவர் கையைவிட்டுப் போயிருக்கும். இரண்டு டிப்பரில் ஒன்றை விற்றிருக்க வேண்டும். எங்கள் ஆட்களில் இப்படி வண்டியை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை, விடியற்காலையில் சைட்டுக்குப் போகிறவர்கள். ஒரு வகுத்தல் கணக்கில் கீழே போடும் எண் தப்பாக இருந்தது, அவ்வளவுதான். அந்தக் கணக்கைத்தான் இங்கே விரித்துச் சொல்லப்போகிறேன். வாடகை எண்கள் இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறும். கணக்கு போகும் வழி மாறாது.

முதலில் மண். மண்ணுக்கு மூன்று அளவு உண்டு. பூமியில் தோண்டாமல் கிடக்கும்போது ஒன்று, அள்ளிய பிறகு ஒன்று, பரப்பி ரோலர் ஓட்டி அழுத்திய பிறகு ஒன்று. சாதாரண மண்ணில் தோண்டாத ஒரு கன மீட்டரை அள்ளினால் சுமார் 1.25 ஆகப் பொங்கும். அதையே நிரப்பும் இடத்தில் போட்டு நன்றாக அழுத்தினால் 0.9 அளவுக்கு வந்துவிடும். வெறும் மணல் 10 முதல் 15 சதவீதம்தான் பொங்கும், களிமண் 30 முதல் 40 வரை போகும். வெடி வைத்து உடைத்த பாறை ஒன்றரை மடங்கைத் தாண்டும். டர்பன் மேடுகளில் எங்கே பார்த்தாலும் கிடக்கும் அந்தச் சிவப்பு மண்ணை 'பெரேயா ரெட்' என்பார்கள். பழைய கடலோர மணல்மேடுகள் காலப்போக்கில் மக்கி, களி சேர்ந்து சிவந்த மண் அது. வெட்ட லேசாக இருக்கும். களி எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்து பொங்கும் அளவும் மாறும். இந்த இடத்தில் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டோம்.

பணம் எந்த அளவுக்குக் கிடைக்கும்? தோண்டாத அளவுக்குத்தான். சர்வேயர் வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பில்லில் போடுவார். பக்கெட்டும் டிப்பரும் சுமப்பதோ அள்ளிய அளவை. 12,000 கன மீட்டருக்குக் காசு வாங்க 15,000 கன மீட்டரைச் சுமக்க வேண்டும். தம்பி 10 கியூப் டிப்பரில் 1,200 நடை என்று எண்ணியிருந்தார். ஒரு நடைக்கு 9.5 கன மீட்டர்தான் ஏறும் (ஏன் என்று பிறகு சொல்கிறேன்), அதனால் உண்மையில் 1,579 நடை வரும். தமிழ்நாட்டில் யூனிட் கணக்கில் மண் வாங்கி விற்றவர்களுக்கு இது புரியும். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். அது லாரியில் அளந்த யூனிட்டா, பள்ளத்தில் அளந்த யூனிட்டா என்று ஊரில் எத்தனை சண்டை நடந்திருக்கிறது!

அடுத்தது பக்கெட். அரிசி அளக்கும் படியை நினைத்துக்கொள்ளுங்கள். தலை தட்டி அளப்பது ஒன்று, குவித்து அளப்பது ஒன்று. மெஷின் விற்கும் கம்பெனி 'ஒரு கியூப் பக்கெட்' என்று எழுதுவது பெரும்பாலும் குவித்த அளவை. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எக்ஸ்கவேட்டர் பக்கெட்டுக்கு அந்தக் குவியல் ஒன்றுக்கு ஒன்று சரிவில் நிற்பதாகக் கணக்கு. டம்ப் டிரக் தொட்டிக்கு இரண்டுக்கு ஒன்று, அதாவது இன்னும் படுத்த சரிவு. ஆகவே காகிதத்தில் பத்து பக்கெட் கொள்ளும் வண்டியில் நேரில் போட்டால் அப்படியே பொருந்தும் என்று நினைக்கக் கூடாது. மண்ணின் பிடிப்பைப் பொறுத்து பக்கெட் நிறையும் அளவும் மாறும். ஈரப்பதமுள்ள களி கலந்த மண் நன்றாகக் குவிந்து நிற்கும். காய்ந்த மணல் வழிந்துவிடும், உடைந்த பாறை இடைவெளி விட்டுக் கிடக்கும். இந்த மண்ணுக்கு 95 சதவீதம் என்று எடுத்தோம். ஒரு பக்கெட்டுக்கு 0.95 கன மீட்டர், அதுவும் அள்ளிய அளவில்.

நிமிஷத்துக்கு மூன்று பக்கெட் என்பதை நான் மறுக்கவில்லை. 20 வினாடி சைக்கிள் டைம் இந்த மெஷினுக்கு நியாயமானது. தோண்டுவது, நிறைந்த பக்கெட்டோடு திரும்புவது, கொட்டுவது, காலியாகத் திரும்பி வருவது என்று நான்கு அசைவுகள். அதை மணிக்கு 180 தரம் செய்தால் 171 கன மீட்டர். எந்த ஆப்பரேட்டரும் மணிக்கு 60 நிமிஷம் தோண்டுவதில்லை. இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், கரையைச் சரிசெய்ய வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். அதனால் மணிக்கு 50 நிமிஷம்தான் வேலை என்று எடுப்பது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். அப்படிப் பார்த்தால் 142.5. அதைப் பொங்கிய அளவிலிருந்து தோண்டாத அளவுக்குக் கொண்டுவர 1.25-ஆல் வகுத்தால் 114. ஏற்கெனவே 180 என்பது 114 ஆகிவிட்டது.

தம்பி முகம் அப்போதே வாடிப்போனது. கணக்கு இன்னும் முடியவில்லை.

10 கியூப் டிப்பரில் இந்தப் பக்கெட்டால் பத்து முறை போடலாம். 9.5 கன மீட்டர், 200 வினாடி. அந்த வண்டி நகர்ந்து, அடுத்த வண்டி பின்னோக்கி வந்து சரியாக நிற்க 40 வினாடி. அந்த 40 வினாடியும் எக்ஸ்கவேட்டர் பக்கெட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு சும்மா நிற்கிறது. ஆக ஒரு வண்டிக்கு 4 நிமிஷம். இப்போது திரும்பக் கணக்குப் போட்டால் எக்ஸ்கவேட்டரால் அதிகபட்சம் மணிக்கு 95 கன மீட்டர்தான் முடியும். வண்டி மாறும் நேரம் மட்டும் 114-ல் 19-ஐத் தின்றுவிட்டது. இங்கே வந்த புதிதில் நானே இதை விட்டுவிட்டு ஒரு மதிப்பீடு கொடுத்தேன். வேலை தொடங்கிய மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. சைட்டில் நின்று ஸ்டாப்வாட்சில் வண்டி மாறும் நேரத்தைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது.

அதிலிருந்து எந்தப் புது சைட்டிலும் முதல் நாள் அரை மணி நேரம் கரையில் நின்று ஒரு பக்கெட்டுக்கு எத்தனை வினாடி என்று எண்ணுவேன். ஒருமுறை எண்ணியதில் 17, 18, 18, 26, 19, 27 என்று வந்தது. ஆப்பரேட்டர் வயதான ஜூலுக்காரர், எல்லாரும் மரியாதையாக 'பாபா' என்று கூப்பிடுவோம். நல்ல கைக்காரர். அந்த 26-ம் 27-ம் ஏன்? வண்டி நின்ற இடத்தில்தான் கோளாறு. சில டிரைவர்கள் பாபாவுக்குப் பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மெஷினின் கை ஏறக்குறைய அரை வட்டம் சுற்றிப் போய்க் கொட்டிவிட்டு வர வேண்டியிருந்தது. வண்டியைப் பக்கவாட்டில், முடிந்தால் மெஷின் நிற்கும் மேட்டுக்குக் கீழே தாழ்வாக நிறுத்தினால் கை கொஞ்சம்தான் திரும்பும், மேலே தூக்கவும் வேண்டாம். ஒரு பையனைக் கொடியோடு நிற்கவைத்து எல்லா வண்டியையும் ஒரே இடத்துக்கு வரவழைத்தோம். எண்ணிக்கை 18-க்கு இறங்கி அங்கேயே நின்றது. மெஷினும் அதேதான், டீசலும் அதேதான்.

இப்போது டிப்பர்கள் பக்கம் வருவோம். 3 கிலோமீட்டர் தூரம், பாரத்தோடு மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் 7.2 நிமிஷம். காலியாக 36-ல் திரும்ப 5 நிமிஷம். கொட்டித் திரும்ப 1.8. ஏற்றுமிடத்தில் 4. மொத்தம் 18 நிமிஷம். ஏற்றுவதற்கு 4 நிமிஷம், சுற்றி வர 18 நிமிஷம் என்றால் எக்ஸ்கவேட்டர் சும்மா நிற்காமல் இருக்க 4.5 வண்டி வேண்டும். அரை வண்டி கிடையாது. நாலா, அஞ்சா?

நான்கு வண்டி ஓடினால், அதே 50 நிமிஷக் கணக்கில், தோண்டாத அளவில் மணிக்கு 84.4 கன மீட்டர் போகும். எக்ஸ்கவேட்டர் அவ்வப்போது வண்டிக்காகக் காத்திருக்கும். செலவு 2,750, கியூபுக்கு 32 ரேண்ட் 60 சென்ட். ஐந்து வண்டி ஓடினால் 95 கன மீட்டர், இப்போது வண்டிகள் வரிசையில் காத்திருக்கும். செலவு 3,225, கியூபுக்கு 33 ரேண்ட் 95 சென்ட். அப்படியென்றால் நான்குதானே சரி? பெரும்பாலும் சரி. நான்கு வண்டியில் வேலை 142 மணி நேரம், ஐந்தில் 126 மணி நேரம். அந்த 16 மணி நேரமும் ஃபோர்மன் சம்பளம், தண்ணீர் வண்டி, சைட் ஆபீஸ் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அப்படிப்பட்ட செலவு மணிக்கு 1,050 ரேண்டைத் தாண்டினால் ஐந்தாவது வண்டி லாபம். அதற்குக் கீழே என்றால் நான்கே போதும். சின்ன வேலைக்கும் பெரிய வேலைக்கும் வேறு வேறு விடை வருவது இதனால்தான். பெரிய ரோடு வேலையில் வண்டிகள் வரிசையில் நிற்பதைப் பார்த்து 'வீணடிக்கிறார்கள்' என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே எக்ஸ்கவேட்டர் நிற்பதுதான் பெரிய வீண்.

தூரம் மாறினால் மெஷினும் மாற வேண்டும். 100 மீட்டருக்குள் என்றால் டோசர் தள்ளிவிடும், அதற்கு மேல் அது கட்டுபடியாகாது. சைட்டுக்குள்ளேயே சேற்றிலும் மேட்டிலும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் என்றால் இடுப்பு மடங்கும் ஆர்டிகுலேட்டட் டம்ப் டிரக். இந்த வண்டியைச் செய்யும் பெல் கம்பெனி நம் மாகாணத்து ரிச்சர்ட்ஸ் பேயில்தான் இருக்கிறது. கரும்பு அள்ளும் மூன்று சக்கர வண்டியில் பெயர் வாங்கிய கம்பெனி அது. கரும்புத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துப் பையன் அந்த வண்டிகளை ஓட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகும். பொதுச் சாலையில் போக வேண்டும் என்றால் டிப்பர்தான்.

பொதுச் சாலை என்றதும் எடைக் கணக்கு வந்துவிடுகிறது. இந்த நாட்டுச் சட்டப்படி முன் அச்சில் 7.7 டன், பின்னால் இரட்டை அச்சில் 18 டன். வண்டியின் சொந்த எடை போக சுமார் 14.5 டன் ஏற்றலாம். காய்ந்த மண் கன மீட்டருக்கு 1.5 டன் இருந்தால் 9.5 கன மீட்டர் சரியாக அடங்கிவிடும். மழையில் ஊறி 1.8 டன் ஆனால் 8 கன மீட்டரோடு நிறுத்த வேண்டும். டிப்பரில் இடம் இருக்கும், எடைக்கு இடம் இருக்காது.

மழை இன்னொரு வேலையும் செய்யும், அதைத்தான் யாரும் விலையில் போடுவதில்லை. கெட்டியான பாதையில் டயர் உருளுவதற்கான இழுவை வண்டி எடையில் 2 சதவீதம். டயர் மண்ணில் புதையும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய 0.6 சதவீதம் கூடும். 10 சென்டிமீட்டர் புதைந்தால் 8 சதவீதம். சமதளத்திலேயே வண்டி 6 சதவீத மேட்டில் ஏறுகிற மாதிரி முக்கும். பாரத்தோடு 25 என்பது 15 ஆகும், திரும்பும்போது 36 என்பது 24 ஆகும். 18 நிமிஷச் சுற்று 25.3 நிமிஷமாகிவிடும். அதே நான்கு வண்டி மணிக்கு 60 கன மீட்டர்தான் கொண்டுபோகும், செலவு கியூபுக்கு 46 ரேண்டைத் தொடும். ஒரு கிரேடரை மணிக்கு 900 ரேண்டுக்கு எடுத்து தினமும் இரண்டு மணி நேரம் பாதையைச் சீவ வைத்தால்? எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 225 ரேண்ட் கூடுகிறது, கியூபுக்கு 2 ரேண்ட் 67 சென்ட். 35 ரேண்டில் முடிகிறது. 'கிரேடருக்கு எங்கே போவது, செலவாகுமே' என்று சொல்பவரிடம் நான் இந்த இரண்டு எண்களையும் எழுதிக் காட்டுவேன்: 35, 46. டர்பனில் மழை அக்டோபரிலிருந்து மார்ச் வரை. 2022 ஏப்ரலில் சீசன் முடிந்த பிறகு கொட்டிய மழையில் 400-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, டொங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமே அடித்துக்கொண்டு போனது. சரிவில் மண் வெட்டுகிறவர்கள் அதற்குப் பிறகு எந்த மாதத்தையும் நம்பி விலை போடுவதில்லை.

ஜோகன்னஸ்பர்க் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே உயரம் 1,700 மீட்டர் அளவில். காற்று மெலிந்திருப்பதால் டர்போ இல்லாத பழைய இன்ஜின் சக்தி இழக்கும். டர்பனில் எழுதிவைத்த சைக்கிள் டைமை அப்படியே கொண்டுபோகக் கூடாது.

சரி, வாடகை மெஷின் எதற்கு, சொந்தமாக வாங்கிவிடலாமே என்று தம்பி கேட்டார். பழைய 20 டன் எக்ஸ்கவேட்டர் ஒன்று 15 லட்சம் ரேண்டுக்கு வருகிறதாம். 8,000 மணி நேரம் ஓட்டி 4 லட்சத்துக்கு விற்கலாம் என்று வைத்தால் தேய்மானம் மணிக்கு 138. சராசரியாக முடங்கும் 9.5 லட்சத்துக்கு 12 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 1,14,000. இன்ஷூரன்ஸ் 28,500. வருடத்தில் 1,600 மணி நேரம் ஓடினால் இந்த இரண்டும் சேர்ந்து மணிக்கு 89. டீசல் 15 லிட்டர், லிட்டர் 20 என்றால் 300. ரிப்பேர் 100, பக்கெட் பல்லும் செயினும் 25, ஆயில் ஃபில்டர் 20, ஆப்பரேட்டர் 80. கூட்டினால் 752. வாடகை 850 என்பதால் மணிக்கு 98 ரேண்ட் மிச்சம்.

அந்த 1,600 மணி நேரம் ஓட வேண்டும், அதுதான் விஷயம். வாரம் 45 மணி நேரம் என்று வருடம் முழுக்கப் போட்டால் 2,340 வரும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் தாண்டி பில்டர்ஸ் ஹாலிடேயில் சைட் எல்லாம் மூடிவிடும். 12 அரசு விடுமுறை. மழை நாட்கள், ரிப்பேர் நாட்கள், மெஷினைச் சுமக்கும் தாழ்வான லோபெட் லாரியில் ஏற்றி ஒரு சைட்டிலிருந்து இன்னொரு சைட்டுக்குப் போகும் நாட்கள், அப்புறம் வேலையே இல்லாத வாரங்கள். 800 மணி நேரம்தான் ஓடியது என்றால் வட்டியும் இன்ஷூரன்ஸும் மட்டும் மணிக்கு 178 ஆகும், மொத்தம் 841-ஐத் தொடும். சும்மா நிற்கும் நாளில் ஆப்பரேட்டருக்குக் கொடுக்கும் சம்பளத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை. கையில் இருக்கும் வேலைகளை எழுதி, ஒவ்வொன்றிலும் அந்த மெஷின் எத்தனை மணி நேரம் ஓடும் என்று கூட்டச் சொன்னேன். 700 வந்தது. வாங்கவில்லை.

வாடகைக்கு எடுக்கும்போது 'வெட்' ரேட்டா 'டிரை' ரேட்டா என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். வெட் என்றால் டீசலோடு, டிரை என்றால் டீசல் இல்லாமல். ஆப்பரேட்டர் எதில் சேர்த்தி, ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை மணி நேரம், நிறுத்திவைத்தால் என்ன ரேட், லோபெட் செலவு யாருடையது, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். டீசல் விலை மாதத்தின் முதல் புதன்கிழமை மாறும். டிரை ரேட்டில் எடுத்தால் அந்தப் புதன்கிழமை உங்கள் பொறுப்பு. இன்னொன்று, தோண்டும் மண் எந்த வகை என்பது. இங்குள்ள பழைய அளவு முறையில் மென்மையானது, இடைப்பட்டது, கடினப் பாறை என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி விலை உண்டு. மேலே சிவப்பு மண்ணாக இருந்தாலும் கீழே பாறை இருக்கலாம். அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து விலையைத் திரும்பக் கட்டினோம். அடிப்படை 32.60. கிரேடருக்கு 2.67. ஃபோர்மனும் தண்ணீர் வண்டியும் மணிக்கு 400 என்று வைத்து 4.74. சேர்ந்து 40 ரேண்ட். மழைக்கு 5 சதவீதம், லாபம் 10 சதவீதம். 46 ரேண்ட் 20 சென்ட். அவர் முதலில் எழுதிய 20-ஐ அடித்துவிட்டு இதை எழுதும்போது கை தயங்கியது. "இந்த ரேட்டுக்கு யாரும் தரமாட்டாங்க அண்ணா" என்றார். அந்த வேலை வேறொருவருக்குத்தான் போனது.

போன மாதம் டொங்காட் பக்கத்து சைட்டிலிருந்து போன் பண்ணினார். வேறு வேலை, அவர் போட்ட ரேட்டிலேயே கிடைத்திருக்கிறது. பின்னால் எக்ஸ்கவேட்டர் சத்தம் கேட்டது. "அண்ணா, பக்கெட்டுக்கு 24 வினாடி வருது. நான் 20 போட்டிருக்கேன்" என்றார். வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டேன். பின்பக்கம் என்றார். போனை வைக்காமலே டிரைவரிடம் ஏதோ கத்தினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, எண்ணிக்கொண்டிருந்தார் போல. "19" என்றார். அப்புறம் "19, 20, 19."